திம்பம் ஏற்றத்தில் நின்ற கார்

சத்தியமங்கலத்தில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் இடது கைப் பக்கம் ஓடு வேய்ந்த ஒரு கூடம் இருந்தது. அதில் மருதாசலம் என்று ஒருவர் இருந்தார். சாயங்காலமானால் நாலைந்து பேர், சில நாள் பத்துப் பேர், வந்து பாயில் உட்காருவார்கள். ஏதாவது கேட்பார்கள். பதில் சொல்லத் தோன்றினால் சொல்வார். தோன்றாவிட்டால் எழுந்து உள்ளே போய் எல்லாருக்கும் மோர் கொண்டுவருவார். ஊர் அவரை ஐயா என்றது.

அங்கே வந்தவர்களில் நஞ்சப்பனும் ஒருவர். ஐயாவைவிட வயதில் நன்றாகவே மூத்தவர். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு தூக்கம் வராமல் போனது. யாரோ சொல்லி அங்கே வரத் தொடங்கினார். வந்த பிறகும் தூக்கம் வரவில்லை. ஆனால் வருவதை நிறுத்தவில்லை.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு கேள்விதான். அதையே முன்னும் பின்னுமாகத் திருப்பிப் போட்டுக் கேட்பார். அவருக்கும் அவருடைய அக்கா தெய்வானைக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை. நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்லிவிட்டு, தப்பு யார் மேல் என்று கேட்பார். ஐயா மோர் கொண்டுவரப் போய்விடுவார்.

நடந்தது இதுதான்.

அவர்களுடைய அப்பா கோபியில் டாக்டர். ஒரு கார் வாங்கினார். வாங்கினாரே தவிர, ஓட்டுவது அவருக்குக் கைவரவில்லை. ஒரு நாள் யாரோ ஒரு நோயாளியின் காய்ச்சலை யோசித்துக்கொண்டே ஓட்டி, வைக்கோல் போருக்குள் வண்டியை விட்டுவிட்டார். வைக்கோலைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவர், சாவியைத் தெய்வானையிடம் கொடுத்தார். அவள் அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். அன்றிலிருந்து அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊர் ஊராகக் கூட்டிப்போனது அவள்தான். நம்பியூர், கவுந்தப்பாடி, அந்தியூர் என்று அவள் ஓட்டிப் போகாத ரோடு இல்லை. அந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளை கார் ஓட்டிக்கொண்டு போனால் ஜனம் வேலையை விட்டுவிட்டு நின்று பார்க்கும். தெய்வானை யாரையும் பார்க்க மாட்டாள். ரோட்டைத்தான் பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு குனிந்து நிற்பாள். ரெட்டைச் சடையை உச்சியில் தூக்கிக் கட்டியிருப்பாள். நஞ்சப்பன் உள்ளே உட்கார்ந்து அவள் சொல்லும்போது சாவியைத் திருப்ப வேண்டும். பெட்ரோல் வாசனையும், ரேடியோவும், அடுப்படியிலிருந்து வரும் ஆட்டுக்கறி மணமும் ஒன்றாகக் கலந்து வரும். இப்போதும் எங்காவது பெட்ரோல் வாசனை வந்தால் நஞ்சப்பனுக்கு அது ஞாயிற்றுக்கிழமை போலவே இருக்கும்.

பிறகு தெய்வானையைத் திம்பம் மலைக்கு மேலே தாளவாடியில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு உருளைக்கிழங்கு விவசாயம். கார் கோபியிலேயே இருந்தது. அவள் பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம், முகம் கழுவுவதற்கு முன்னால் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவாள்.

அப்பா இறந்து காரியங்கள் முடிந்த அன்றைக்கு, சொந்தபந்தமெல்லாம் உட்கார்ந்திருக்கும்போது, தெய்வானை ஒன்றே ஒன்று கேட்டாள். வேறு எதுவும் வேண்டாம், கார் மட்டும் வேண்டும் என்றாள். நஞ்சப்பன், "காட்டுக்குள்ள அத வெச்சுட்டு நீ என்ன பண்ணப்போற? ஆனைக்குச் சவாரி விடப்போறியா?" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். எல்லாரும் சிரித்தார்கள். தெய்வானை சிரிக்கவில்லை. அன்று மத்தியான பஸ்ஸிலேயே மலையேறிப் போய்விட்டாள்.

கதையை நஞ்சப்பன் எப்போதும் இந்த இடத்தில் நிறுத்தி, அந்த ஒரு வார்த்தைக்காகவா இத்தனை வருடம் என்பார். பிறகு தன் மகள் கல்யாணத்துக்கு அவள் வராததைச் சொல்வார். அத்தை இல்லாமல் நடந்த கல்யாணம் என்று சம்பந்தி வீட்டில் பேச்சு வந்ததைச் சொல்வார். அப்புறம் கேள்வி. அப்புறம் மோர்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் வந்தபோது எதுவும் கேட்கவில்லை. சந்தைக்கு வந்திருந்த தாளவாடிக்காரர் ஒருவர் சொன்னாராம்: தெய்வானைக்குச் சர்க்கரை வியாதியில் கண் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு கண்ணில் ஒன்றுமே தெரியவில்லை, இன்னொன்றில் நிழல் மாதிரி. கோயமுத்தூரில் காட்டியதில், இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம்.

"நாளைக்கு வண்டிய எடுத்துட்டுப் போய் அக்காகிட்டக் குடுத்துடப் போறேனுங்க" என்றார் நஞ்சப்பன். "அது கேட்டது அதைத்தானுங்களே."

ஐயா, "நானும் வரட்டுங்களா? அந்த மலை ஏறி ரொம்ப நாளாச்சு" என்றார்.

காலையில் வண்டி சுலபமாக உயிர் பெறவில்லை. அதை அவர் வெளியே எடுப்பதே பொங்கலுக்கும் ஆயுதபூசைக்கும்தான். நெடுநேரம் இருமி, இழுத்து, ஒரு வழியாக ஓடத் தொடங்கியதும் நஞ்சப்பன் நிறுத்தவே இல்லை. அப்படியே ஐயாவை ஏற்றிக்கொண்டு, பண்ணாரி அம்மன் கோயிலில்கூட இறங்காமல் காரில் இருந்தபடியே கும்பிட்டுவிட்டு, மலை ஏறினார். வழியெல்லாம் அவர் வாய் முணுமுணுத்தபடி இருந்தது. அக்காவிடம் என்ன சொல்வது, அவள் என்ன சொன்னால் என்ன பதில் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார்.

பாதி மலை ஏறியிருப்பார்கள். ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டி ரோடு அகலமாக இருந்த இடத்தில், கீழே சமவெளி மொத்தமும் தெரிந்தது. பவானிசாகர் அணைத் தண்ணீர் தகடு மாதிரி மின்னியது. ஐயா, ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்கலாமா என்றார். நஞ்சப்பன் ஓரம்கட்டி, பழக்க தோஷத்தில் சாவியையும் திருப்பி அணைத்துவிட்டார்.

பார்த்து முடித்து ஏறினார்கள். சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினார். சுற்றியது. பிடிக்கவில்லை.

இவர் நிறுத்தச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் மேலே போயிருக்கலாம் என்று நஞ்சப்பனுக்குத் தோன்றியது. இறங்கிப் பானெட்டைத் தூக்கினார்.

முதலில் பெட்ரோல் மேல் சந்தேகம். குழாயைக் கழற்றிப் பார்த்தார், பெட்ரோல் வந்தது. அடுத்து காயில் மேல் சந்தேகம். பாட்டரியின் கரண்டை வாங்கி, பொறி பறக்கும் அளவுக்கு ஏற்றிக்கொடுப்பது அதுதான். மலையேற்றத்தில் சூடாகிப் படுத்துவிடும் என்பார்கள். டிக்கியில் ஒரு புதுக் காயில் வைத்திருந்தார். பழையதைக் கழற்றி, புதியதை மாட்டினார். நிச்சயம் இதுதான் என்று சொல்லிக்கொண்டே மாட்டினார். ஐயா உள்ளே உட்கார்ந்து, சொன்னபோது சாவியைத் திருப்பினார். ஒரு பிளக் வயரை இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நஞ்சப்பன் பார்த்தார். ஒரு சின்னப் பொறிகூட இல்லை.

பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். வயர்களை மாற்றினார். கழற்றியது எது, மாட்டியது எது என்றே சற்று நேரத்தில் குழம்பிப்போயிற்று. லாரிகள் ஆரன் அடித்துக்கொண்டு ஏறின. ஒரு குரங்கு தடுப்புச் சுவரில் உட்கார்ந்து ஒவ்வொரு சாமானையும் கவனித்தது. வேட்டி முழுக்க வண்டி மை. கடைசியில் நஞ்சப்பன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சுவரின் இன்னொரு முனையில் போய் உட்கார்ந்தார்.

"எனக்குக் குடுத்து வெக்கலீங்க" என்றார். "திரும்பிப் போயிடலாங்க. கீழ்ப்பக்கம் உருட்டிவிட்டா தானாப் போயிடும்."

ஐயா காரிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஓட்டவும் தெரியாது.

"கரண்ட் எதுவரைக்கும் வருதுங்க?" என்று கேட்டார்.

"பொறியே வர்லீங்களே."

"அது வராத இடம். வர்ற இடம் எதுங்க?"

நஞ்சப்பன் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தனக்குள் சிரித்துக்கொண்டார். வேலைக்காலம் முழுக்கத் தன் ஆட்களிடம் அவர் சொன்னது அதுதான். மழையில் ஒரு ஊர் இருண்டுபோனால், அந்த ஊரில் போய் நின்று தேடாதே. கரண்ட் எங்கிருந்து கிளம்புகிறதோ அங்கிருந்து கம்பம் கம்பமாக நட. எதையும் மாற்றாதே. எந்தக் கம்பம் வரைக்கும் உயிர் இருக்கிறது என்று மட்டும் பார்.

எழுந்து போனார். கருவிப் பெட்டியில் இரண்டு வயர் கோத்த ஒரு சின்ன பல்பு இருந்தது. பாட்டரியில் வைத்தார், எரிந்தது. சாவிக்கு அந்தப் பக்கம் வைத்தார், எரிந்தது. காயிலின் இந்தப் பக்கம் எரிந்தது. அந்தப் பக்கமும் எரிந்தது. அப்படியென்றால் பழைய காயிலிலும் குற்றம் இருந்திருக்காது. அடுத்தது, பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர். அதன் வாசலில் பல்பை வைத்துக்கொண்டு, ஐயாவைச் சாவி திருப்பச் சொன்னார். எஞ்சின் சுற்றும்போது அங்கே விளக்கு விட்டுவிட்டு எரிய வேண்டும். உள்ளே பாயின்ட் என்று இரண்டு சின்ன முனைகள் சேர்ந்து சேர்ந்து பிரிவதால்தான் பொறியே பிறக்கிறது. ஆனால் விளக்கு விட்டுவிட்டு எரியவில்லை. எரிந்தபடியே நின்றது.

"இதுவரைக்கும் வருதுங்க" என்றார் நஞ்சப்பன். குரல் மாறியிருந்தது.

கிளிப்பைத் தள்ளி மூடியைத் திறந்தார். பாயின்டின் இரண்டு முனைகளும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆனால் கரண்ட் தாண்ட முடியாதபடி இடையில் சாம்பல் நிறத்தில் ஒரு ஏடு படிந்திருந்தது. ஓட்டாமல் ஈரத்தில் கிடந்ததில் வந்த ஏடு. ஊதினால் பறந்துவிடும் போல இருந்தது, பறக்கவில்லை.

உப்புத்தாளைச் சின்னதாகக் கிழித்து, மடித்து, முனைகளுக்கு நடுவில் செருகி மெதுவாக இழுக்கத் தொடங்கினார். இதை அவர் கடைசியாக எப்போது செய்தார் என்று நினைவில்லை. அக்கா செய்வதைத்தான் பார்த்திருக்கிறார். அவள் இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு இழுப்பாள். அழுத்தாதே, தேய்க்காதே, தடவு என்று அவளுக்கே சொல்லிக்கொள்வாள். முடிந்ததும் அப்பாவின் விசிட்டிங் கார்டை உள்ளே நுழைத்து இடைவெளி பார்ப்பாள். டாக்டருடைய கார்டுகளெல்லாம் வண்டி மை பட்டே இருக்கும்.

ஐயா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் காரியத்தன்னைக்குக் கோவிச்சுட்டுப் போனாங்களே, அதுக்கப்புறம் அக்கா உங்க வீட்டுப் படி ஏறவே இல்லீங்களா?"

"இல்லீங்க" என்றார் நஞ்சப்பன், குனிந்தபடியே.

உப்புத்தாள் இரண்டு இழுப்பு போனது. மூன்றாவதில் நின்றது.

"ஏறுச்சுங்க" என்றார். "சாந்தாமணிக்கு வயித்துல ஆபரேசன் பண்ணுனப்ப வந்துச்சு. என் சம்சாரத்துக்கு. நான் கூப்பிடக்கூட இல்ல. காதுல விழுந்து அதுவே பெட்டியோட வந்துருச்சு. சாந்தாமணி எந்திரிச்சு நடக்கற வரைக்கும் சோறாக்கிப் போட்டுட்டு இருந்துச்சுங்க. போற அன்னைக்கு இந்த வண்டியக் கழுவித் தொடச்சு வெச்சுட்டுப் போச்சு."

"அப்ப வண்டியப் பத்திப் பேசுனாங்களா?"

"இல்லீங்க. சிரிச்சுட்டேதான் போச்சு."

"அதுக்கப்புறம் என்னங்க?"

"அதுக்கப்புறம் பொண்ணு கல்யாணம். அதுக்கு வர்லீங்க."

"கூப்பிட்டீங்களா?"

"பத்திரிகை போச்சுங்களே."

"யார் கொண்டுபோனாங்க?"

நஞ்சப்பன் கையிலிருந்த உப்புத்தாளை மடித்தார். கல்யாணத்துக்கு அவர் யார் யாரையெல்லாம் நேரில் போய் அழைத்தார் என்பது நினைவுக்கு வந்தது. மேலதிகாரிகள் வீட்டுக்குத் தட்டோடு போனார். ஈரோட்டில் எப்போதோ கூட வேலை பார்த்தவர் வீட்டுக்குப் போனார். தாளவாடி தூரம், வேலை நெருக்கடி என்று வீட்டில் சொன்னார். அந்தப் படியில் போய் நிற்கக் கூச்சமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

"பஸ் கண்டக்டர்கிட்டக் குடுத்துவிட்டேனுங்க" என்றார்.

ஐயா தடுப்புச் சுவர் வரைக்கும் போய், கீழே தெரிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நஞ்சப்பன் வெகுநேரம் அந்த முனைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணியில் பெட்ரோலை நனைத்துத் துடைத்தார். இடைவெளி பார்த்தார். மூடியை மாட்டினார். வயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. குரங்கு சுவரிலிருந்து குதித்து ஓடியது.

ஆசனூர் தாண்டி, காடு விலகி, கோசும் பூண்டும் போட்ட வயல்கள் வரும் வரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை. முணுமுணுப்பும் இல்லை.

தெய்வானையின் வீடு ஊருக்கு வெளியே, ஒரு மண் சாலையின் கோடியில் இருந்தது. கணவர் காலமாகிவிட்டார், மகனும் மருமகளும் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். வண்டி சாலைக்குள் திரும்பும்போதே அவள் வெளியே வந்து நின்றுவிட்டாள். கையை நெற்றியில் வைத்துப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, ஒரு காதை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றாள். உடம்பு இளைத்திருந்தது. நஞ்சப்பன் வண்டியை நிறுத்தி, இறங்கி, கதவைப் பிடித்தபடியே நின்றார்.

அவள் அவரிடம் வரவில்லை. வண்டியிடம் வந்தாள். பானெட்டில் கையை வைத்து, சூடு தாங்காமல் எடுத்து, மறுபடி வைத்தாள். முன் சக்கரத்துக்கு மேலே தடவிக்கொண்டே போனாள். அங்கே ஒரு சொட்டை இருந்தது. ஒரு மழைநாளில் வாய்க்கால் பாலத்தில் அவள் இடித்தது. அப்பா அதைச் சரிசெய்ய விடவில்லை; அது தெய்வானை போட்ட கையெழுத்து என்று எல்லாரிடமும் காட்டுவார். அவள் விரல் அந்தச் சொட்டைக்குள் போய் நின்றது.

"மலையேத்தத்துல டாப் கியர்லயே இழுத்துட்டு வந்திருக்கற" என்றாள். "எஞ்சின் கொதிக்குது."

நஞ்சப்பன் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த பேச்சில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"கல்யாணத்துக்கு நான் வந்து கூப்பிடலக்கா."

தெய்வானை விரலை எடுக்கவில்லை.

"ஆமா, நீ வர்ல" என்றாள். "கண்டக்டர் பையன் பத்திரிகையக் கையில குடுத்தான். நான் வாங்கிட்டு, பஸ்ஸுக்குள்ள எட்டிப் பார்த்தேன். பின்னாடி சீட்டுல நீ உக்காந்திருப்பியோன்னு. பஸ்ஸு கெளம்பற வரைக்கும் பார்த்தேன்" என்றாள்.

நஞ்சப்பன் அழுதார். சத்தம் வரவில்லை. ஆனால் அவள் காதுக்கு அது தப்பவில்லை. வந்து அவர் கையைப் பிடித்தாள். பிடித்தவள், விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"பாயின்ட் தொடச்சியா?"

"ஆமாக்கா. வழியில நின்னுபோச்சு."

"ஓட்டாம வெச்சிருந்தா நிக்காம என்ன செய்யும்" என்றாள். "உள்ள வா சாமி. கையக் கழுவு. கூட வந்தவரையும் கூப்பிடு."

களியும் அவரைக் குழம்பும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டதும் நஞ்சப்பன் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதை விரலால் தடவி, பல் பல்லாகத் தொட்டுப் பார்த்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவர் கையைத் தேடிப் பிடித்து, திருப்பி அதிலேயே வைத்தாள்.

"ரோடே தெரியலடா எனக்கு. இத வெச்சுட்டு நான் என்ன பண்ணட்டும்? நீ ஓட்டு. ஒரு சுத்துப் போலாம்."

ஐயா வரவில்லை என்றுவிட்டார். வாசலில் ஒரு முறம் அவரைக்காய் இருந்தது; அதை எடுத்து வைத்துக்கொண்டு உரிக்க உட்கார்ந்தார்.

தெய்வானை இடது பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அப்பா உட்காரும் இடம். கண்ணாடியை இறக்கிவிட்டாள். வண்டி மண் சாலையைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறியது.

"இப்ப ரெண்டாவது போடு" என்றாள்.

போட்டார்.

"கிளச்சப் பாதியில விடாத. முழுசா விடு. ம். இப்ப மூணாவது."

அவர் கியர் மாற்றும்போதெல்லாம் அவளுடைய இடது கால் கீழே விரிப்பில் அழுந்துவதை நஞ்சப்பன் பார்த்தார். கொஞ்ச தூரம் போனதும் அவள் கால் அழுந்திய பிறகுதான் அவர் மாற்றினார். வளைவுகள் வருவதற்கு முன்பே அவள் சொன்னாள். இங்கே ஒரு புளியமரம் இருக்கும், அதைத் தாண்டி வலது பக்கம் ஒடி. பாலத்துக்கு முன்னால் ஆக்ஸிலேட்டரை விடு. எல்லாம் அவள் சொன்ன இடத்திலேயே இருந்தன. நேர் ரோடு வந்ததும், "டாப் போட்டு விடுடா" என்றாள். விட்டார். காற்று அவள் நரைமுடியைப் பிடுங்கி முகத்தில் அடித்தது. அவள் அதை ஒதுக்காமல் சிரித்துக்கொண்டே வந்தாள். முன்னால் போன டிராக்டரை ஆரன் அடித்து ஒதுக்கச் சொன்னாள். டிராக்டர்காரன் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தான்.

ஒரு சுற்று என்று கிளம்பியவர்கள், கர்நாடக எல்லை வரைக்கும் போய்விட்டு வந்தார்கள்.

வெயில் சாய்வதற்குள் மலை இறங்கியாக வேண்டும். தெய்வானை ஒரு மூட்டை உருளைக்கிழங்கை டிக்கியில் ஏற்றச் சொன்னாள். வண்டி கோபியிலேயே இருக்கட்டும், ஆனால் சும்மா நிற்கக்கூடாது என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாந்தாமணியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். வண்டி கிளம்பி மண் சாலையைத் தாண்டும் வரைக்கும் அவள் தலையைச் சாய்த்துக் கேட்டபடி நிற்பது கண்ணாடியில் தெரிந்தது.

இறக்கத்தில் இரண்டாவது கியரில் போட்டு நஞ்சப்பன் மெதுவாக இறங்கினார். மலை நிழல் சமவெளியில் பாதி தூரம் நீண்டிருந்தது. ஐயாவின் விரல் நகங்களில் அவரைக்காய்ப் பச்சை படிந்திருந்தது. நாலைந்து வளைவுகள் போயின.

பிறகு நஞ்சப்பன் சொன்னார்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி வந்திருக்கலாமுங்க ஐயா. அப்ப அதுக்குக் கண்ணு நல்லா இருந்திருக்கும். அக்கா ஓட்டியிருக்கும்."

ஐயா ஜன்னல் பக்கமிருந்து திரும்பினார்.

"இன்னைக்கு ஓட்டுனது யாருங்க?" என்று கேட்டார்.

அடுத்த வளைவு தாண்டி மூணாவது போடும்போது நஞ்சப்பன் கிளச்சைப் பாதியில் விடாமல், முழுசாக விட்டார்.